டிரெசர் வீட்டுக் கித்தார்

கித்தார் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் விரல் வலி பழகுகிறவருக்கு, காது வலி வாத்தியாருக்கு. புதிதாக வாத்தியம் பழகும் ஒருவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். நான் பட்ட பாடு உங்களுக்கு உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், நான் பொறுத்துக்கொண்ட மாதிரி.

சண்டைக்கு முன்னால் மலாயாவின் சுங்கை பட்டாணியில் என் அண்ணனுக்கு ஒரு துணிக்கடை இருந்தது. பகலில் அங்கே துணி அளந்து கிழித்துக் கொடுப்பேன். சாயங்காலம் சிநேகிதர்களோடு சேர்ந்து கல்யாண வீடுகளில் கித்தார் வாசிப்பேன். ஜப்பான்காரன் வந்த பிறகு கல்யாணங்கள் சத்தமில்லாமல் நடந்தன. கடை அலமாரியில் வெறும் பலகைதான் மிச்சம். “உனக்குத் தெரிஞ்ச வேற வேலை ஏதாவது இருந்தா பாரு” என்றார் அண்ணன். எனக்குத் தெரிந்த வேறு வேலை கித்தார் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் போய் யார் கித்தார் பழகினார்கள் என்று கேட்பீர்கள். கிராமபோனுக்கு ஊசி கிடைக்கவில்லை. கொட்டகையில் ஜப்பான் படம். ரேடியோவைத் திறக்கப் பயம். பாட்டு வேண்டுமென்றால் நாமே வாசித்துக்கொண்டால்தான் உண்டு. அப்படிச் சிலர் வந்தார்கள், கூலியாக மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள். அவர்களில் ஒரே ஒரு வீட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஊசி போட்ட கை

திகாம் பத்து என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஆஸ்பத்திரி டிரெசர் கோவிந்தசாமி. டாக்டர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுவது, ஊசி போடுவது எல்லாம் டிரெசர்தான். அவர் கூப்பிட்டு அனுப்பியதாகச் சொன்னார்கள். யாரோ பிள்ளைக்குப் பாடம் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர், முன்வழுக்கை, முட்டி வரை கால்சட்டை. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கி வருவது போல ஒரு கித்தாரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“யாருக்குங்க ஐயா பாடம்?” என்றேன். “எனக்குத்தான்” என்றார். கித்தார் அவர் மகன் சுந்தரத்துடையது. சுந்தரத்தைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். “லாரியில ஏறும்போது சொல்லிட்டுப் போனான், வாசிக்காம வச்சிருந்தா கித்தார் கெட்டுப்போயிடும்னு. அதான்.” சும்மா வைத்திருந்தால் அப்படி ஒன்றும் உடனே கெட்டுப்போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவரை உட்கார வைத்து, இடது கையை எப்படி வளைத்துப் பிடிப்பது, கட்டை விரலைக் கித்தாரின் கழுத்துக்குப் பின்னால் எங்கே வைப்பது என்று ஆரம்பித்தேன்.

எத்தனையோ பேரின் கை நரம்பை ஒரே தடவலில் கண்டுபிடித்த விரல்கள் அவை. கம்பியைக் கண்டால் மட்டும் தடுமாறின. ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியையும் அமுக்கி ஊமையாக்கிவிடுவார். இரண்டு மூன்று பாடத்திலேயே விரல் நுனிகள் சிவந்து வீங்கிவிட்டன. அவற்றை வெளிச்சத்தில் நீட்டி, வேறு யாருடைய விரலையோ பார்ப்பது மாதிரி உற்றுப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “என்கிட்ட ஊசி போட்டுக்கிட்டவங்க இப்ப என்னைப் பார்த்தா சந்தோஷப்படுவாங்க, தம்பி.”

இரண்டு குவளை

பாடம் நடக்கும்போது டிரெசரின் மனைவி தனலட்சுமி அம்மா, வறுத்த சோளத்தில் போட்ட காப்பியை இரண்டு தகரக் குவளைகளில் கொண்டுவந்து வைப்பார். என்னிடம் “குடிங்க தம்பி” என்பார். கணவருடைய குவளையை அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்விடுவார். முதலில் நான் கவனிக்கவில்லை. ‘மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது’ என்று கணவரிடம் சொல்ல வேண்டிய சேதியைக்கூட என்னைப் பார்த்தே சொன்னபோதுதான் உறைத்தது. அந்த வீட்டில் அவர்கள் இருவருக்கும் பேச்சு இல்லை.

விஷயத்தை டிரெசரே சொன்னார். சயாமுக்கு ஆள் எடுக்க வந்தபோது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துச் சொல்லும் வேலையை அவரிடம் விட்டிருந்தார்கள். இருமுகிறவர்கள், கால் வீங்கியவர்கள் என்று முடிந்தவரை சிலரை நிறுத்தினார். கடைசியில் சுந்தரம் வந்து முன்னால் நின்றான். கல் மாதிரி உடம்பு. வீட்டிலே அம்மா முதல் நாளே கேட்டிருந்தார்: ‘அவனுக்கும் ஏதாவது ஒரு வியாதி சொல்லுங்க.’ “எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் வரிசையில நிக்குது. நம்ம பிள்ளைய மட்டும் எப்படி ஒதுக்கறது? அவனே வேணாம்னு தலையாட்டிட்டான், தம்பி” என்றார். லாரி கிளம்பிய நாளிலிருந்து அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

நான் கித்தாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ‘கஷ்டமாக இருக்குமே ஐயா’ என்று மட்டும் வாய்க்குள் முனகினேன் போலிருக்கிறது. அவர் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “பேசலைன்னாலும் வேளைக்குச் சோறு போடறா. உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

பிரேக் இல்லாத சைக்கிள்

கித்தாரில் எல்லாவற்றிலும் மெல்லிய கம்பிதான் முதலில் அறும். டிரெசர் முறுக்குகிற முறுக்கில் அது ஒரு நாள் டங்கென்று அறுந்து அவர் கன்னத்தில் கோடு போட்டது. சண்டைக் காலத்தில் கம்பிக்கு எங்கே போவது? சுங்கை பட்டாணியில் இருந்த கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன். தூண்டில் நரம்பு கட்டிப் பார்த்தோம், ‘பொத்து பொத்து’ என்று நனைந்த பறை மாதிரி கேட்டது.

கடைசியில் சைக்கிள் கடை ஆ லெக்கிடம் போனேன். சீனர், எனக்குப் பழக்கமானவர். என் சைக்கிளுக்கு டயர் கிடைக்காமல், தோட்டத்து ரப்பரை உருட்டி வளையமாகப் போட்டுக்கொடுத்த புண்ணியவான். அவர் என் கித்தார் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து போய், கேட்காமல் கொள்ளாமல் என் சைக்கிளின் பிரேக் கம்பியைக் கழற்றி, அதன் முறுக்கைப் பிரித்தார். உள்ளே மெல்லிய எஃகு இழைகள். ஒன்றை இழுத்துப் பிடித்து விரலால் தட்டினார். ‘டிங்’ என்றது. எனக்கு உயிர் வந்தது.

“அப்ப பிரேக்குக்கு என்ன செய்யறது?” என்றேன். அன்று முதல் திகாம் பத்து இறக்கத்தில் செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் சைக்கிளை நிறுத்தினேன். என் கேள்விக்கு ஆ லெக் பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: “மெதுவாப் போ லா. அங்க காத்திருக்கிற ஆளும் ஒண்ணும் வேகமா வாசிக்கப்போறதில்லையே.”

எந்த ஊர்ப் பாட்டு

அப்போது எங்கள் கெடா மாநிலத்தைச் சயாம்காரர்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். கொடி மாறியது. ஆனால் தோட்டத்துக்குள் சோதனைக்கு வருவது என்னவோ ஜப்பான்காரன்தான். ஒரு நாள் பாடத்தின் நடுவே, ஆஸ்பத்திரியில் என்ன மருந்து மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஒரு சிப்பாய் வந்தான். கூடவே ஹாஷிம் என்ற மலாய்ப் போலீஸ்காரர். வாசலில் நின்றபடியே சிப்பாய் கித்தாரைச் சுட்டிக்காட்டி ஏதோ கத்தினான். “இங்கிலீஷ் பாட்டா என்று கேட்கிறான்” என்றார் ஹாஷிம். இங்கிலீஷ் இசைத்தட்டு வைத்திருந்ததற்காகப் பக்கத்து ஊரில் ஒருவரை அறைந்து, வெயிலில் முட்டி போட வைத்திருந்தது எங்களுக்குத் தெரியும். 

வாசிக்கச் சொன்னான். டிரெசர் நான் கொடுத்திருந்த விரல் பயிற்சியை ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்வரமாக மேலே ஏறி, ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவது, அவ்வளவுதான். பயத்தில் ஏறும்போது இரண்டு ஸ்வரத்தை விட்டார், இறங்கும்போது இல்லாத ஒன்றைச் சேர்த்தார். அடுப்பங்கரைக் கதவின் பின்னால் தனலட்சுமி அம்மா புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. ஹாஷிம் மிகவும் முக்கியமான சாட்சியைக் கேட்கிறவர் மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சிப்பாயிடம் அரைகுறை ஜப்பான் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னார். சிப்பாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தான்.

என்ன சொன்னீர்கள் என்று பின்னால் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்: “பாட்டு என்று ஒத்துக்கொண்டால்தானே எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்பான்? இது பாட்டே இல்லை என்றேன். பொய் இல்லையே?”

ஒரு விரல்

கார்டு என்பது மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே வீச்சில் ஒலிப்பது. ச, க, ப என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள காந்தாரம் உயர்ந்து நின்றால் மேஜர். அது மட்டும் அரை ஸ்வரம் இறங்கிவிட்டால் மைனர். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். கித்தாரில் ‘ஈ’ கார்டைப் பிடித்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்று விரல் வைத்தால் மேஜர், ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துவிட்டால் மைனர்.

டிரெசருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அன்று மழை. மருந்துக் கணக்குக் கேட்பது மாதிரி, ‘அது ஏன் அப்படி, இது ஏன் இப்படி’ என்று கேள்வி கேட்டார். நானும் எனக்குத் தெரிந்த சாஸ்திரத்தையெல்லாம் சொன்னேன். பிறகு அவரே பிடித்துப் பார்த்தார். மூன்று விரலையும் வைத்து ஒரு வீச்சு. தெளிவாகத்தான் வந்தது. ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டு இன்னொரு வீச்சு. அறையே கொஞ்சம் இருட்டினாற்போல இருந்தது. மறுபடி விரலை வைத்தார், மறுபடி எடுத்தார். நான் அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்று வாய் திறந்தேன். அவர் கேட்கவில்லை. மழை விடுகிற வரை வைப்பதும் எடுப்பதுமாகவே இருந்தார்.

அதுவரை தாளத்தைப் பற்றியும் விரலைப் பற்றியும் எத்தனையோ விளக்கியிருக்கிறேன். மழை விட்டதும் அவர் கேட்டது சாஸ்திரக் கேள்வி இல்லை: “ஒரு விரலு இல்லாமப் போனதுக்கா, தம்பி, இப்படி ஆயிடுது?”

மூணாவது கம்பி

கித்தார்க்காரனுக்கு முதல் வேலை சுதி சேர்ப்பது. தடித்த கம்பியின் ஐந்தாவது கட்டத்தில் விரலை வைத்து, அந்த ஒலிக்கு அடுத்த கம்பியை முறுக்கிச் சேர்க்க வேண்டும். இரண்டும் சேராமல் இருந்தால் ஒலி அலை அலையாக நடுங்கும். சேர்ந்துவிட்டால் நடுக்கம் நின்றுபோகும். இதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். டிரெசருக்கு அந்த நடுக்கம் கடைசி வரை பிடிபடவில்லை. “சேர்ந்துடுச்சா?” என்று என் முகத்தைப் பார்ப்பார். வாத்தியார் முகத்தைப் பார்த்துச் சுதி சேர்க்கிற மாணவர்கள் உங்களுக்கும் வாய்த்திருக்கலாம்.

ஒரு நாள், நான் எதுவும் சொல்லித்தருவதில்லை, அவரே சேர்க்கட்டும் என்று உறுதியாக இருந்தேன். முறுக்கினார், தளர்த்தினார், வியர்த்தார். ஒருவழியாக நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கார்டை வீசினார். பல் கூசியது. திரும்பவும் வீசினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. தனலட்சுமி அம்மா ஈரக் கையோடு வந்து கதவு நிலையில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கணவரைப் பார்த்தார்.

“மூணாவது கம்பி இறங்கியிருக்கு” என்றார்.  பேச்சு நின்றுபோய் மறு வருஷமே வந்துவிட்டிருந்தது. டிரெசரின் கை முறுக்காணியைத் தேடியது, அகப்படவில்லை. அவர் கையை நான் எடுத்து அதில் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ‘இன்னும்’ என்பது போல அம்மா தலையை அசைத்துக்கொண்டே நின்றார். நடுக்கம் நின்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். திரும்பி உள்ளே போகும்போது இன்னொன்றும் சொன்னார்: “அது ஒண்ணுதான் எப்பவும் இறங்கும். பிள்ளை தினமும் ஏத்தித்தான் வாசிப்பான்.”

சண்டை

அதற்குப் பிறகு என் பாடம் கெட்டது. ஒரு வாத்தியார் இருந்த இடத்தில் இரண்டு பேர் ஆனோம். சுந்தரம் வருஷக்கணக்காகப் பழகியதையெல்லாம் அம்மா சமைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். எந்தக் கார்டுக்குப் பிறகு எந்தக் கார்டு வரும் என்று அவருக்குப் பெயர் தெரியாது, ஒலி தெரியும். சுந்தரம் தானாகவே கட்டிய மெட்டு ஒன்று இருந்தது. வார்த்தை கிடையாது. டிரெசருக்கு அதில் ஒரு துளிகூட நினைவில்லை. அம்மா கிழங்கு சீவிக்கொண்டே முனகிக் காட்டினார். நான் அதைக் கம்பியில் தேடிக் கண்டுபிடித்து, கார்டு சேர்த்து, டிரெசருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த மெட்டில் ஓரிடத்தில் ‘எஃப்’ கார்டு வரும். கித்தார் பழகுகிறவர்கள் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் கித்தாரை விற்கிறார்கள். ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்துப் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். டிரெசர் அங்கே வந்ததும் நின்று, மூச்சு வாங்கி, விரலை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டுத்தான் மேலே போவார். அதற்குள் தாளம் தோட்டத்து எல்லையைத் தாண்டியிருக்கும். “காலால தட்டிக்கிட்டே வாசிங்க” என்பார் அம்மா. “கால் எங்கிட்டுத் தட்டறது? எல்லாம் விரல்ல இருக்கு” என்பார் இவர். “அவன் தட்டினானே!” “அவனுக்கு வயசு அப்படி!” சத்தம் வெளியே கேட்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் தூக்கிப்போன ஒரு பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு நாள் அந்தச் சண்டை வளர்ந்து, எனக்கே சங்கடமாகிவிட்டது. நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தேன். டிரெசர் வாசல் வரை கூட வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் காதருகே குனிந்து சொன்னார்: “கேட்டியா தம்பி, என்னை ‘மரக்கட்டை’ன்னு திட்டறா!”

லாரியில் வந்தவன்

ஜப்பான்காரன் தோற்றுப்போனான் என்ற சேதி வந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அதற்கும் பிறகுதான் சயாமுக்குப் போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். கூலிம், கோலா கெத்தில் என்ற ஊர்களில் இன்னார் வந்துவிட்டார், இன்னார் வரவில்லை என்று கடைவீதியில் பேச்சு அடிபட்டது. சுந்தரமும் ஒரு லாரியில் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் சைக்கிளை எடுத்தேன். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தபோது, லாரியில் ஏறிப்போனதாகச் சொன்ன அந்தக் ‘கல் மாதிரி உடம்பு’ எங்கே என்று தேட வேண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே பெரிய புண். டிரெசர் தன் கையாலேயே கழுவிக் கட்டியிருந்தார்.

வாசல் நிறைய லயத்துப் பெண்கள். ‘எங்க வீட்டுக்காரரைப் பார்த்தியாப்பா?’ ‘எங்க தம்பி உன்கூடத்தானே இருந்தான்?’ தெரியாதவர்களைப் பற்றித் தெரியாது என்றான். தெரிந்தவர்களைப் பற்றி மறைக்காமல் சொன்னான். பலர் திரும்பப்போவதில்லை. ஒரு பெண் கேட்டுவிட்டு அழாமல் அப்படியே நடந்து போனாள். எல்லாரும் போன பிறகு சுந்தரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். தனலட்சுமி அம்மா அவன் பாதத்தைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டிரெசர் மருந்துப் பெட்டியைத் திறந்து மூடினார். பிறகு கித்தாரை எடுத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, மகனுடைய மெட்டை வாசிக்க ஆரம்பித்தார்.

ஆரம்பம் நன்றாகவே வந்தது. ‘எஃப்’ வரும் இடத்தில் வழக்கம் போலத் தடுக்கி விழுந்தார். முதலிலிருந்து வந்தார். மறுபடியும் விழுந்தார்.  மூன்றாம் முறை அவசரப்பட்டு ஓடி, விரலை எங்கெங்கோ வைத்தார். கட்டிலில் சுந்தரத்தின் தோள் அசைந்தது. அழுகிறான் என்று நினைத்தேன். திரும்பினான். கண்ணில் தண்ணீர் இருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. எலும்பாக இருந்த கையை நீட்டி, அப்பாவின் விரலை ஒவ்வொன்றாக எடுத்துச் சரியான இடத்தில் வைத்தான். “நிதானமா வாசிங்கப்பா” என்றான். “நான் எங்கயும் போகல.”

ஜப்பான்காரன் இருந்த காலம் முழுக்க ஊர் ஊராகப் போய்க் கித்தார் சொல்லிக்கொடுத்தேன் என்று பெயர், ஆனால் என் பாடங்களால் உருப்படியாக ஒரே ஒருவருக்குத்தான் சங்கீத ஞானம் வெளியே வந்தது, அந்த அம்மாவும் என்னிடம் பாடம் கேட்டவர் இல்லை.